ஐந்து கட்டையில் ஒரு ஸ்கொட்லாந்து ரீல்

உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனால் ஸ்கொட்லாந்தின் ஊர்களும் குலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். லிடெஸ்டேல் அந்த நாட்டின் தெற்கு எல்லையில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. கோர்டன் அங்கே பேர்பெற்ற ஒரு குலம். மஸ்கெலியாப் பக்கம் அப்கொட்டில் ஸ்ட்ரெத்ஸ்பே என்றொரு தோட்டம் இருக்கிறது. அது ஸ்பே ஆறு பாயும் பள்ளத்தாக்கின் பெயர். அதே பெயரில் ஒரு நடன இசை வகையும் உண்டு. 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தவர். அவர் போன்றோர் விட்டுச்சென்ற பெயர்கள் பலகைகளில் நிலைத்தன. மெட்டுகள் லயங்களுக்கு வந்து சேரவில்லை. லயத்து மக்களுக்குப் பிரட்டுத் தப்பும் காமன் கூத்துப் பாட்டும் பஜனையும் இருந்தன.

அந்த மெட்டுகளில் சிலவற்றைக் கர்நாடக முறையில் வயலின் கற்ற இருவர் இங்கே இரட்டை வயலினுக்கு அமைத்தார்கள். மூத்தவர் வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளில் ஆசிரியர் தரம் வரை தேறி, தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவர். இளையவர் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயின்றவர். தாளம் போடவும் நேரம் குறிக்கவும் நான் உடனிருந்தேன். அவர்கள் வேலையை எந்த வரிசையில் செய்தார்களோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். வரிசை மாறினால் இந்த வேலை கைகூடாது என்பது பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதற்படி மெட்டுகளைத் தெரிவுசெய்வது. மூன்று மெட்டுகள் போதும் என்று முடிவாயிற்று. முதலாவது அயர்லாந்து மெட்டு, மற்ற இரண்டும் ஸ்கொட்லாந்து மெட்டுகள். அயர்லாந்து மெட்டு எதுவென்று தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. அது ஏற்கெனவே கர்நாடக சங்கீதத்துக்குள் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் ‘வந்தே மீனாக்ஷி’ என்ற நோட்டுஸ்வர சாகித்தியம், ‘ரேக்ஸ் ஒஃப் மாலோ’ என்ற 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்து நடன மெட்டில் அமைந்தது. மாலோ, கோர்க் மாவட்டத்தில் உள்ள ஒரு நகரம்.

இந்த வரலாற்றைச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இவ்விருவரும் செய்ததற்கு முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது. தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தவர். அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் முதலியார்களின் ஆதரவில் இருந்தது. மணலி முதலியார்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நெருங்கிய தொடர்பு. கோட்டையில் வாசித்த ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தின் இசையைச் சகோதரர்கள் அங்கே கேட்டார்கள். இளையவரான பாலுசுவாமி தீட்சிதருக்கு ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகள் கற்று, அந்தக் கருவியில் கர்நாடக இசையை வாசிக்கத் தொடங்கினார். மூத்தவரான முத்துசுவாமி, தாம் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். இப்படிச் சுமார் 40 உருப்படிகள் கிடைக்கின்றன. அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டு. ‘சக்தி ஸஹித கணபதிம்’ ஒரு பிரெஞ்சு நடன மெட்டு. சார்ல்ஸ் பிலிப் பிரவுன் என்ற கம்பெனி அதிகாரி இவற்றில் ஒரு தொகுதியை 1832இல், தீட்சிதர் உயிருடன் இருந்தபோதே, எழுத்தில் சேர்த்துவைத்தார். மெட்டை ஒருவர் வில்லில் பிடிக்க, மற்றவர் அதைச் சங்கராபரணத்தில் நிறுத்தி வார்த்தை கொடுத்த அந்த ஏற்பாடு மிக நேர்த்தியானது. செல்டிக் மெட்டைச் சாஸ்திரிய சங்கீதம் கற்ற இருவர் கையாளும் முறை என்றால் நமக்கு அதுதான் முதற்பாடம்.

இரண்டாவது மெட்டு ‘மொனிமஸ்க்’. டானியல் டௌ என்பவர் ஆக்கி, 1776இல் அச்சில் வந்த ஸ்ட்ரெத்ஸ்பே. மொனிமஸ்க் அபர்டீன் மாவட்டத்து ஊர். டெய்லர் பிறந்த கின்கார்டீன் அதற்கு அடுத்த மாவட்டம். மூன்றாவது ‘மிஸிஸ் மக்லவுட் ஒஃப் ராசே’ என்ற ரீல், அதாவது விரைவான நடன மெட்டு. ராசே, ஸ்கை தீவுக்குப் பக்கத்தில் உள்ள சிறு தீவு. ஸ்ட்ரெத்ஸ்பே முடிந்ததும் நிறுத்தாமல் ரீலுக்குள் நுழைவது ஸ்கொட்லாந்து மரபு. அந்த இணைப்புக்காகவே இவ்விரண்டும் தெரிவாயின. மூன்றும் சங்கராபரணத்தின் சுரங்களில் அடங்குவன. ஆகவே இராகம் மாற்றும் சிக்கல் இல்லை.

இரண்டாம் படி கருவிகளை ஆயத்தம் செய்வது. உடப்புசல்லாவைத் தேயிலை 950 மீற்றரிலிருந்து 1600 மீற்றர் வரையான உயரத்தில் விளைகிறது. அங்கே மழைக்காலத்தில் தந்தியை முறுக்கும் முருடை ஊறி இறுகும். வரட்சிக் காற்று வீசும் மாதங்களில் அதே முருடை நிற்காமல் சுழலும். தப்படிப்பவர்கள் வைக்கோல் கொளுத்தித் தோலை வாட்டி ஸ்ருதி ஏற்றிக்கொள்வதைப்போல வயலின்காரருக்கும் இங்கே காலநிலைக்கான கைவேலை உண்டு. மூத்தவர் ஒவ்வொரு தந்தியாக இளக்கி, ஒவ்வொரு முருடையாகக் கழற்றினார். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை விழுந்துவிடும். உள்ளே தாங்கும் கட்டையும் சரியும். இறுகியிருந்த முருடைகளில் உலர்ந்த சவர்க்காரத் துண்டை இலேசாகத் தேய்த்தார். வழுக்கியவற்றில் வெண்கட்டி. சவர்க்காரம் சுழலவைக்கும், வெண்கட்டி பிடித்து நிறுத்தும். இரண்டையும் அளவாகச் சேர்த்தால் முருடை சொன்ன இடத்தில் நிற்கும்.

அடுத்து ஸ்ருதி. கட்டை என்பது ஸ்ருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்; இருவரின் வயலினும் வழக்கமாக 4 கட்டையில் இருப்பவை. கர்நாடக வயலினில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஸ, ப, ஸ, ப என்று வரும். மேற்கத்திய வயலினில் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் இருக்கும். இந்த வேறுபாடு ஸ்கொட்லாந்து மெட்டுக்குத் தடையாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. 18ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்து வயலின்காரர்கள் சில மெட்டுகளுக்காகத் தங்கள் தந்திகளை மாற்றிக் கட்டினார்கள்: கீழ் இரண்டையும் ஒவ்வொரு சுரம் ஏற்றி, மேல் இரண்டையும் அப்படியே விட்டார்கள். அப்படி மாற்றினால் கிடைப்பது, 6 கட்டையில் ஸ, ப, ஸ, ப. நம்முடைய கட்டுமுறையேதான். திறந்த தந்திகள் எல்லாம் ஆதாரச் சுரங்களாக இருப்பதால், ஒன்றை வாசிக்கும்போது மற்றவை தாமாக ஒலித்து நிறைவு கொடுக்கும். அவர்கள் எதற்காக மாற்றினார்களோ அது நம் வயலினில் நிரந்தரமாக இருக்கிறது.

6 கட்டை வரை ஏற்றினால் தந்திக்குப் பாரம் கூடும். ஆகவே 5 கட்டையில் நிறுத்துவது என்று மூத்தவர் தீர்மானித்தார். 5 கட்டையில் கீழ் இரண்டு தந்திகளும் வயலின் செய்தவர் கருதிய அதே சுரத்தில் வந்து நிற்கின்றன. மேல் இரண்டும் அதற்கு ஒரு முழுச்சுரம் கீழே. எந்தத் தந்தியும் தன் எல்லையைத் தாண்டவில்லை. 4 கட்டையிலிருந்து முதலில் 4½, பத்து நிமிடம் விட்டு 5. நான்காம் தந்தியில் மந்தர ஸட்ஜம், பிறகு மூன்றாம் தந்தியில் பஞ்சமம், அதன் பிறகு மேல் இரண்டும் என்ற வரிசையில் சேர்த்தார். தந்தி இழுபடும்போது குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து அதை நேராக்கினார். வால்பக்கத்து முகம் செங்குத்தாக இருந்தால் சரி. கடைசியாக அடுத்தடுத்த தந்திகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இழுத்து, ஒலியில் அலை அடங்கும்வரை திருத்தினார். இரண்டாவது வயலினை முதலாவதோடு சேர்த்தபின் இரண்டையும் இரவு முழுதும் பெட்டியில் வைத்து, மறுநாள் மறுபடியும் சரிபார்த்தார்கள். புதிய இழுவைக்குத் தந்தி பழக அவ்வளவு நேரம் தேவை.

மூன்றாம் படி வேலையைப் பங்கிடுவது. கர்நாடகக் கச்சேரியில் இரட்டை வயலின் என்றால் இருவரும் சமமாக மெட்டைப் பகிர்வார்கள். ஸ்கொட்லாந்து மரபில் இரட்டையர் என்றால் வேறு. பேர்த் மாவட்டத்து இன்வரில் வாழ்ந்த நீல் கௌ (1727–1807) நடனங்களுக்கு வாசிக்கும்போது அவருடைய சகோதரர் டொனால்ட் செல்லோவில் அடித்தளம் கொடுத்தார். மேலே ஒருவர் மெட்டு, கீழே ஒருவர் தாளமும் ஆதாரச் சுரமும். அந்த ஏற்பாட்டை நம் காலத்தில் மீட்டவர்கள் ஸ்கொட்லாந்து வயலின்காரர் அலஸ்டெயர் ஃபிரேஸரும் அமெரிக்கச் செல்லோ கலைஞர் நட்டலி ஹாஸும். ஹாஸ் நியூயோர்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் சாஸ்திரிய இசை பயின்றவர். இருவரும் சேர்ந்து வாசித்த முதல் இசைத்தட்டு 2004இல் வந்தது. அதில் செல்லோ பின்னால் நின்று துணை செய்வதோடு நிற்பதில்லை. வில்லைத் தந்தியில் வெட்டி வெட்டி, நம் மிருதங்கம் செய்யும் வேலையில் பாதியைச் செய்கிறது. அந்தத் தட்டை இருவரும் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மெட்டை எடுப்பதற்காக அல்ல, இரண்டு கருவிகளுக்கிடையே யார் எப்போது விலகுகிறார், யார் எப்போது நெருங்குகிறார் என்று அறிவதற்காக. முடிவில் மெட்டு இளையவருக்கு, அடித்தளம் மூத்தவருக்கு என்று பிரிந்தது. அனுபவம் கூடியவர் கீழே இருப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்தும். மெட்டுக்காரர் தடுமாறினால் அடித்தளம் தாங்கும். அடித்தளம் தடுமாறினால் தாங்க எதுவும் இல்லை.

நான்காம் படி மெட்டைக் காதால் பிடித்து எழுதுவது. பதிவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நான்கு நான்கு ‘பார்’களாகக் கேட்டார்கள். ஒரு பார் என்பது நம் தாளத்தின் ஒரு சிறு துண்டு. முதலில் வாயால் சுரம் பாடுவது, பிறகு வில், பிறகுதான் கொப்பி. சதுரக் கொப்பியில் ஒரு வரிக்கு எட்டுக் கட்டம் வைத்து ஆதி தாளமாகக் கோடு கிழித்தார் இளையவர். ரீலை எழுதியபோது அது பிசகில்லாமல் பொருந்தியது. ஒரு பாரில் இரண்டு அடி, ஒவ்வோர் அடியிலும் நான்கு சுரம். ஓர் அடியை ஓர் அட்சரமாகக் கொண்டால் நான்கு பார் ஓர் ஆவர்த்தனம். எட்டுப் பார் கொண்ட முதற்பகுதி இரண்டு ஆவர்த்தனம், இரண்டாம் பகுதியும் அவ்வளவே. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பதே வழக்கமாதலால் 32 பார் கொண்ட முழு ரீல் 8 ஆவர்த்தனம். வரி மடங்கும் இடமெல்லாம் மெட்டு மடங்கும் இடமாகவே அமைந்தது.

ஸ்ட்ரெத்ஸ்பேயை எழுதுவதில் கவனம் கூடுதலாக வேண்டியிருந்தது. அதில் ஒரு பார் நான்கு அட்சரம். ஓர் அட்சரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு சுரம். ஆனால் அந்த இரண்டும் சமமாக இருப்பதில்லை. அட்சரத்தை நான்கு மாத்திரையாகப் பிரித்தால் ஒரு சுரம் மூன்றும் அடுத்தது ஒன்றுமாக வரும். சில இடங்களில் தலைகீழாக, முதற்சுரம் ஒன்று, அடுத்தது மூன்று. இந்தத் தலைகீழ் வெட்டுத்தான் ஸ்ட்ரெத்ஸ்பேயின் உயிர். கொப்பியில் ‘ஸ , , ரி’ என்றும் ‘ஸ ரி , ,’ என்றும் காற்புள்ளிகளால் அதைக் குறித்தார்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் மெட்டின் நடை கெட்டுவிடும். ஆகவே இளையவர் எழுதியதை மூத்தவர் கையால் மாத்திரை எண்ணிக்கொண்டே வாசித்துச் சரிபார்த்தார். “தம்பி, இங்கே நீட்டு பின்னால் வரணும், முன்னால் இல்லை” என்று ஓரிடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார். பதிவை மறுபடி போட்டுக் கேட்டபோது வட்டம் சரியாக இருந்தது.

ஐந்தாம் படி இடக்கை. கர்நாடக வயலினில் இருவர் கையிலும் ஊறிப்போனது கமகம். சங்கராபரணம் என்று கை அறிந்ததும் ரிஷபமும் மத்திமமும் நிஷாதமும் தாமாக அசையும். விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டே அடுத்த சுரத்துக்குப் போகும். ரீலில் இதற்கு இடமில்லை. அங்கே ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நின்று அடுத்ததற்கு வழிவிடவேண்டும். இந்த மாற்றத்துக்குப் பாலமாக ‘வந்தே மீனாக்ஷி’ பயன்பட்டது. நோட்டுஸ்வரம் கமகமின்றி வெறும் சுரங்களால் நடப்பது. ஸவுக்கும் கவுக்கும் இடையே ஊசலாடித் தொடங்கும் அந்த மெட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது மூத்தவரின் கை இயல்பாகவே அசையாமல் நிற்கும். ஆகவே முதலில் அதைப் பாடி, வாசித்து, கை அந்த நிலைக்கு வந்ததும் இடைவெளி விடாமல் மொனிமஸ்க்குக்குப் போவது என்று பயிற்சியை அமைத்தார்கள். ஒவ்வோர் அமர்விலும் முதல் 15 நிமிடம் இதற்கே.

வழுக்குவதற்குப் பதில் விரல்களைப் பகிரவேண்டும். நம் வயலினில் சுட்டுவிரலும் நடுவிரலுமே பெரும்பாலான வேலையைச் செய்யும். இங்கே நான்கு விரலும் தேவை. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலக்கால் குதியில் ஊன்றி, மறுமுனையை மார்பில் அணைத்து வாசிப்பதை அவர்கள் மாற்றவில்லை. அப்படி மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. அந்த இருப்பில் இடக்கைக்குத் தாங்கும் வேலை கிடையாது. அதனால் சுண்டுவிரல்வரை எளிதாக எட்டுகிறது.

இந்த முழு வேலையிலும் என் மனத்துக்கு மிகவும் நிறைவு தந்த இடம் இதற்கு அடுத்தது. சங்கராபரணத்தில் ஸ ரி க ம என்ற நான்கு சுரங்களின் இடைவெளியும் ப த நி ஸ என்ற நான்கின் இடைவெளியும் ஒன்றே: முழு, முழு, அரை. வயலினில் ஸவும் பவும் திறந்த தந்திகள். ஆகவே ஸட்ஜத் தந்தியில் சுட்டுவிரல் ரி, நடுவிரல் க, மோதிரவிரல் ம. பஞ்சமத் தந்தியிலும் அதே இடங்களில் அதே விரல்கள் த, நி, மேல்ஸ. மந்தரத் தந்திகள் இரண்டிலும் இதுவே திரும்பும். மேற்கத்தியக் கட்டில் தந்திக்குத் தந்தி நடுவிரல் ஏறி இறங்கவேண்டியிருக்கும். ஸ-ப-ஸ-ப கட்டில் நான்கு தந்திகளுக்கும் ஒரே விரல் அமைப்பு. இளையவர் இதைக் கண்டுகொண்ட பிறகு ரீலின் வேகம் அவருக்குப் பயமாக இருக்கவில்லை. தந்தி மாறினாலும் கை மாறுவதில்லை. வில் மட்டும் சாய்கிறது.

ஆறாம் படி வில். கர்நாடக முறையில் ஒரே வில்லில் பல சுரங்களைக் கோப்பது பழக்கம். நடன மெட்டில் சுரத்துக்கு ஒரு வில், இடையிடையே இரண்டு மூன்று சுரங்களுக்கு ஒரு வில். ரீலுக்கு வில்லின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளம் போதும். அதற்குமேல் இழுத்தால் வேகம் போய்விடும். ஸ்ட்ரெத்ஸ்பேயில் கணக்கு வேறு. மூன்று மாத்திரைச் சுரத்துக்கு நீண்ட வில், ஒரு மாத்திரைக்குக் கண நேர அசைவு. வில்லைக் கீழே இழுக்கும்போது பலம் இயல்பாகக் கூடும், மேலே தள்ளும்போது குறையும். நீல் கௌ மேலே தள்ளும் வில்லுக்கு அவர் கொடுத்த பலத்துக்காகவே பெயர்பெற்றவர். அந்தத் தள்ளலைப் பழக இளையவர் மெட்டையே விட்டுவிட்டு, திறந்த ஸட்ஜத் தந்தியில் ஒன்று-மூன்று, மூன்று-ஒன்று என்று வெறும் வில் போட்டார். மெட்ரோனோம் 60இல் தொடங்கி நான்கு நான்காக ஏற்றினார். ஓர் எண்ணில் ஐந்து நிமிடம் பிசகாமல் வந்தால்தான் அடுத்த எண்.

அலங்காரங்கள் மூன்றை மட்டும் சேர்த்தார்கள். ஒன்று, சுரத்தைத் தொடங்குமுன் மேல்விரலால் தந்தியை ஒரு கணம் தட்டி எடுப்பது. இரண்டு, ஒரே சுரத்தில் மூன்று வில். இரண்டு மாத்திரை இடத்தில் அரை, அரை, ஒன்று என்று. மூன்று, மெட்டுச் சுரத்தோடு பக்கத்துத் திறந்த தந்தியையும் சேர்த்து இழுப்பது. எங்கே எது என்று கொப்பியில் மூன்று நிறங்களில் குறித்தார்கள். ஆதாரமான இரண்டு ஆவர்த்தனத்தில் நாலைந்து இடத்துக்கு மேல் வேண்டாம் என்று மூத்தவர் வரம்பு வைத்தது நல்ல முடிவு. மெட்டின் எலும்பு தெரியவேண்டும்.

ஏழாம் படி அடித்தள வயலின். இதற்கு எழுதிவைத்த முன்மாதிரி எதுவும் கையில் இல்லாததால் மூத்தவர் தாமே கட்டவேண்டியிருந்தது. மூன்று அடுக்காகக் கட்டினார். முதல் முறை வரும்போது நான்காம், மூன்றாம் தந்திகளை ஒருசேர இழுத்து ஸ-ப என்ற நீண்ட ஒலி. நாதஸ்வரத்துக்கு ஒத்து செய்வதை இது செய்கிறது. இரண்டாம் முறை மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பது. மூன்றாம் முறை வில்லின் அடிப்பகுதியால் தந்தியில் வெட்டி எடுக்கும் தாள ஒலி. அந்த வெட்டு அட்சரத்தின் மேல் விழாமல் இரண்டு அட்சரத்துக்கு நடுவே விழவேண்டும். அப்படி விழுந்தால்தான் ஆட்டக்காரரின் கால் எழும்பும். எடுப்பு அரை இடத்தில் இருக்கும் உருப்படிகளைப் பல்லாண்டு வாசித்தவருக்கு இது புதிதல்ல. ஸட்ஜத்தை விட்டு மெட்டு நிஷாத, ரிஷபங்களைச் சுற்றும் இடங்களில் ஸ-ப ஒலி உறுத்தியது. அங்கெல்லாம் ஸட்ஜத் தந்தியை விட்டு, பஞ்சமத்தை மட்டும் இழுத்தார். பஞ்சமம் எல்லா இடத்துக்கும் பொருந்தி நின்றது.

எட்டாம் படி இணைப்பு. ஸ்கொட்லாந்து நடனத்துக்கு 32 பார் ரீல் ஏறக்குறைய 34 விநாடியில் முடியும். 32 பார் ஸ்ட்ரெத்ஸ்பேக்கு ஒரு நிமிடம் அளவு. கேட்பவருக்கு ஒன்று மந்தம், மற்றது விரைவு. தாளம் போட்ட எனக்கு வேறொன்று தெரிந்தது. ரீலின் அட்சரம் நிமிடத்துக்கு 112. ஸ்ட்ரெத்ஸ்பேயின் அட்சரம் 120க்கு மேல். இரண்டும் ஏறத்தாழ ஒரே நடை. ஸ்ட்ரெத்ஸ்பேயைச் சற்றுத் தளர்த்தி அதையும் 112இல் வைத்தால் கை மாறாமல் தாளம் ஓடும். அட்சரத்துக்கு இரண்டாக இருந்த சுரங்கள் நான்காகும். அதாவது காலப் பிரமாணம் நிலையாக நிற்க, இரண்டாம் காலத்திலிருந்து மூன்றாம் காலத்துக்குப் போவதுதான் இது. வர்ணம் பயின்ற எவருக்கும் தெரிந்த வழி. “அண்ணே, தாளத்தை விடாமப் போடுங்க, நாங்க மாத்திக்கிறோம்” என்றார் இளையவர். மெட்ரோனோமை நிறுத்திவிட்டு என் கையை நம்பி வாசித்தார்கள். மாற்றம் சமத்தில் துல்லியமாக விழுந்தது.

நீளத்தையும் கணக்கிட்டோம். மொனிமஸ்க்கை 32 பார் நீளத்துக்கு அமைத்தால் 128 அட்சரம், அதாவது 16 ஆவர்த்தனம். இரண்டு முறைக்கு 32. ரீல் ஒருமுறைக்கு 8 ஆவர்த்தனம். அடித்தளத்தின் மூன்று அடுக்குக்கும் மூன்று முறை, ஆக 24. மொத்தம் 56 ஆவர்த்தனம், 448 அட்சரம். நிமிடத்துக்கு 112 என்றால் சரியாக 4 நிமிடம். நிறுத்தற்கடிகாரத்தில் பார்த்தபோது இரண்டொரு விநாடிதான் வித்தியாசம். அடுக்குகளின் ஒழுங்கு இப்படி அமைந்தது: ஸ்ட்ரெத்ஸ்பேயின் முதல் முறை முழுதும் ஸ-ப ஒலி, இரண்டாம் முறை அதோடு அட்சரத்துக்கு ஒரு வெட்டு, ரீலின் முதல் முறை மறுபடி ஸ-ப, இரண்டாம் முறை கீழ் ஸ்தாயி மெட்டு, மூன்றாம் முறை நடு-அட்சர வெட்டு. ரீல் தொடங்கும் இடத்தில் அடித்தளம் எளிமையாவதால் சுரங்கள் இரட்டிப்பானது தெளிவாகக் கேட்கிறது.

ஒன்பதாம் படி தொடக்கமும் முடிவும். நிகழ்ச்சியில் முதலில் ‘வந்தே மீனாக்ஷி’. மூத்தவர் சாகித்தியத்தைப் பாட, இளையவர் வயலினில் நிழலாகத் தொடர்வார். பாடி முடிந்ததும் பாட்டு இல்லாமல், அதே மெட்டை நடன வேகத்தில் இருவரும் ஒருமுறை வாசிப்பார்கள். தீட்சிதரின் உருப்படிக்குள் இருக்கும் மாலோ நகரத்து நடனம் அப்போது வெளியே வரும். அதன் பிறகு நான்கு நிமிடத் தொகுதி. ஸ்கொட்லாந்து நடனக் குழுக்களில் ஆட்டம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் ஆடுவோர் வணக்கம் செலுத்த ஒரு நீண்ட கூட்டொலி வாசிப்பார்கள். அதை இவர்களும் வைத்துக்கொண்டார்கள். மூத்தவர் நான்காம், மூன்றாம் தந்திகளில் மந்தர ஸ-ப, இளையவர் இரண்டாம், முதலாம் தந்திகளில் மத்திம ஸ-ப. நான்கு தந்தியிலும் விரல் வைக்காமல் முழுக் கூட்டொலி கிடைக்கிறது. இருவரும் கீழ்நோக்கிய வில்லில் ஒன்றாகத் தொடங்கி, நான்கு அட்சரத்தில் வில்லின் நுனிக்கு வந்து நிறுத்துவார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மூத்தவரின் வயலினை மறுபடி 4 கட்டைக்கு இறக்கவேண்டும். கோயில் பஜனை அந்த ஸ்ருதியில்தான். மெல்லிய தந்தியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, குதிரையைப் பார்த்துப் பார்த்து. இளையவரின் வயலினை 5 கட்டையிலேயே விட்டிருக்கிறார்கள், அடுத்த மெட்டுக்காக. அது ஸ்கொட்லாந்துப் பைப் வாத்தியத்தின் மெட்டு. அந்த வாத்தியத்துக்கு ஒன்பது சுரங்களே உண்டு: கீழே ஒரு கைசிகி நிஷாதம், அதற்கு மேல் ஹரிகாம்போஜியின் எட்டுச் சுரம். மெட்டு ஒரு பார் ஸட்ஜத்தில் நின்று, அடுத்த பார் நிஷாதத்துக்கு இறங்கி, மறுபடி ஸட்ஜத்துக்கு ஏறும். பைப்பில் ஒத்து மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வயலினில் அடித்தளமும் மெட்டோடு இறங்கினால் நன்றாக இருக்கும் என்பது மூத்தவரின் எண்ணம். மூன்றாம் தந்தியில் நடுவிரலைச் சற்றுப் பின்னிழுத்துக் கைசிகி நிஷாதம், இரண்டாம் தந்தியில் சுட்டுவிரலில் சதுஸ்ருதி ரிஷபம், இரண்டையும் சேர்த்து இழுத்துப் பார்த்தார். பொருந்துகிறது. ஒரு பாருக்குள் அங்கே போய்த் திரும்பும் வேகம் இன்னும் வரவேண்டும்; மெட்ரோனோமை 60இல் வைத்திருக்கிறார்கள்.